குட்டைக் கம்பால் உயரம் அளக்கலாமா?

பக்கத்து வீட்டுப் பொடியன் தரம் 4. அண்ணன் ரியூசன் முடிந்து வரும்வரை எங்கள் விறாந்தையில்தான் இருப்பான். ஒருநாள் சும்மா ஒரு கணக்குப் போட்டேன்: இரண்டால் வகுத்தால் மிச்சம் 1, மூன்றால் வகுத்தால் 2, நான்கால் வகுத்தால் 3. என்ன எண்? கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பான் என்று நினைத்தேன். "ஒண்டைக் கூட்டினா மூண்டுக்கும் மிச்சமில்லாமப் பிரியும் மாமா. அப்ப 12இல ஒண்டு குறைய, 11" என்றான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லையாம்.

அப்பப்பா காலத்துக் கதைகளில் இப்படிப்பட்டவர்களுக்கு 'டபிள் புரமோஷன்' கிடைக்கும். ஒரு வகுப்பைத் தாண்டி மேலே ஏற்றிவிடுவார்கள். கல்வியாளர்கள் இதைக் கல்வி முடுக்கம் என்கிறார்கள். வகுப்புத் தாண்டுவது அதில் ஒரு வகைதான். ஒரேயொரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் இருப்பதும் முடுக்கமே.

சரி, யாரை ஏற்றுவது? இங்கேதான் சிக்கல். தவணைப் பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் 98 எடுக்கிறார்கள். ஒருவர் அந்தப் பாடத்தை விடுமுறையிலேயே ரியூட்டரியில் முடித்து, கடந்தகால வினாத்தாள்களையும் கரைத்துக் குடித்தவர். மற்றவருக்கு அந்தத் தாள் ஒரு பொருட்டே இல்லை. நாலடிக் கம்பால் அளந்தால் நாலரையடிப் பிள்ளையும் ஐந்தடிப் பிள்ளையும் ஒன்றுதானே. எங்கள் ஊரில் முந்திப் படித்தவரையும் வேகமாகப் படிப்பவரையும் போட்டுக் குழப்புவதற்கு இந்தக் குட்டைக் கம்பே காரணம் என்பேன்.

நீளமான கம்பைத் தேடியவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி. ஜோசப் பேட்ஸ் என்ற 13 வயதுப் பையன் 1969இல் அவர் முயற்சியால் அங்கே பட்டப்படிப்புக்குச் சேர்ந்து நன்றாகவே படித்தான். 1971இல் ஸ்டான்லி ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் போக இருக்கும் 17 வயதினருக்கான சாட் பரீட்சையை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். வகுப்பில் ஒரே புள்ளியில் நெருக்கிக்கொண்டு நின்றவர்கள் இதில் சிதறிப் போனார்கள். அந்தச் சிதறலில்தான் யாருக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பது தெரியும். அவுஸ்திரேலியாவின் டெரன்ஸ் டாவ் 8 வயதில் சாட் பரீட்சையின் கணிதப் பகுதியில் 800க்கு 760 எடுத்தவர். அவரைப் பெற்றோர் ஒரேயடியாகத் தூக்கி மேலே வைக்கவில்லை. கணிதத்துக்கு மேல் வகுப்பு, மற்றப் பாடங்களுக்குக் கீழ் வகுப்பு என்று பிரித்தே நடத்தினார்கள். 2006இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார்.

வயதில் மூத்தவர்களோடு இருந்தால் பிள்ளை ஒடுங்கிப் போகாதா என்று அம்மாமார் கேட்பார்கள். சரியாகத் தேர்ந்து ஏற்றினால் மனநிலையில் பொதுவாகப் பெரிய பாதிப்பு இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. படிப்பில் புதிய வகுப்பினரோடு ஈடுகொடுக்கிறார்கள். ஆனால் 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்ற கதையும் உண்டு. பழைய வகுப்பில் முதலாம் பிள்ளை, புதிய வகுப்பில் பத்தாம் பிள்ளையாகலாம். தன்னைப் பற்றிய மதிப்புக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

வகுப்புத் தாண்டலாமா என்று தீர்மானிக்க அமெரிக்காவில் பயன்படும் ஐயோவா அளவீட்டில் எனக்குப் பிடித்த இரண்டு தடைகள் இருக்கின்றன. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் ஏற்றாதே. ஏற்றப்போகும் வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருந்தாலும் ஏற்றாதே. ஒரே மேசையில் சாப்பிடுகிற வீட்டில் அந்த ஒப்பீடு இரண்டு பேரையும் தின்றுவிடும்.

இலங்கையில் எங்களிடம் இருப்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. அது பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றும், வேகத்தை மாற்றாது. அங்கேயும் அவன் தரம் 6தான்.

கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் இருக்கிறாயா என்று பொடியனிடம் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தான்.

"கணக்குக்கு மட்டும் எண்டா ஓம். இன்ரவலுக்கு எங்கட வகுப்புக்கு வந்திடுவன்."