ரீசெட் அடித்தால் தெரியாத பிழை

ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போன சர்வர் ஒன்று பார்வைக்கு வரும்போது, "கிராஷ் டெஸ்ட் எல்லாம் பண்ணித்தான் சார் விட்டோம்" என்ற பேச்சும் கூடவே வரும். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சிஸ்ஆர்க்யூ என்ற கெர்னல் அவசரக் கட்டளை வழியாகச் சட்டென்று ரீபூட் செய்திருப்பார்கள், அல்லது விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஇஎம்யூ பிராசஸைக் கொன்றிருப்பார்கள். ரைட் பேரியர், அதாவது முன்னால் எழுதியது டிஸ்க்கில் இறங்கிய பிறகே அடுத்தது இறங்கும் என்ற ஏற்பாடு, வேலை செய்கிறதா என்பதை இந்த இரண்டுமே சோதிப்பதில்லை. ரீபூட் ஆனாலும் டிஸ்க்குக்கு கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தன் கேஷில் (எழுதக் காத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில்) உள்ளதை அது நிதானமாக எழுதி முடித்துவிடும். க்யூஇஎம்யூவைக் கொன்றாலும் ஹோஸ்ட் கணினி மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷ் அப்படியே இருக்கும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் அதன் ஜர்னலைக் கவனிப்பது ஜேபிடி2 என்ற கெர்னல் பகுதி. ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனிலும் முதலில் டிஸ்கிரிப்டர் பிளாக், அப்புறம் மாறிய மெட்டாடேட்டா பிளாக்குகளின் நகல்கள், கடைசியில் கமிட் பிளாக். கமிட் பிளாக் கண்ணில் பட்டால், மற்றவையும் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பித்தான் ரெக்கவரி நடக்கிறது. டிஸ்க் தன் வசதிக்கு வரிசையை மாற்றி எழுதியிருந்தால் அந்த நம்பிக்கை பொய்த்துவிடும்: ஜர்னலில் கிடந்த பழைய குப்பை இனோட் டேபிள் (கோப்புகளின் விவரப் பட்டியல்) மீது ஏறும். இதைத் தடுக்கத்தான் கமிட் பிளாக் ப்ரீஃப்ளஷ், எஃப்யூஏ என்ற இரண்டு கொடிகளோடு போகிறது. இதற்கு முன் முடிந்த எழுத்தெல்லாம் கேஷை விட்டு இறங்கட்டும், இந்த பிளாக்கும் இறங்கிய பிறகே பதில் சொல் என்று அர்த்தம். எஃப்யூஏ தெரியாத டிஸ்க் என்றால் கெர்னலே பின்னால் இன்னொரு ஃப்ளஷ் (கேஷை இறக்கச் சொல்லும் கட்டளை) அனுப்பும்.

பேரியர் இல்லாமலும் பலருக்கு வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் உண்டு. ஜர்னல் பொதுவாக டிஸ்க்கில் தொடர்ச்சியான இடத்தில் இருப்பதால் டிஸ்க்கும் பெரும்பாலும் வரிசையாகவே எழுதும். ஜர்னல் கடைசி வரை போய் மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். எக்ஸ்ட்4-இன் முன்னோடியான எக்ஸ்ட்3-இல் பேரியர் நெடுங்காலம் இயல்பாக அணைந்தே இருந்ததற்கு இந்த அதிர்ஷ்டமும் ஒரு சாக்கு. 2008-இல் கெர்னல் டெவலப்பர் கிறிஸ் மேசன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, நிஜமாகவே கரண்டைத் துண்டித்து, எக்ஸ்ட்3 கெட்டுப்போவதைக் காட்டினார்.

கமிட்டைச் சரிபார்த்ததோடு நிறுத்திவிடக் கூடாது. ஜர்னலில் இடம் விடுவிக்க அதன் வால் முனையை நகர்த்துகிறோம் அல்லவா, அதற்கு முன் அந்த பிளாக்குகள் ஃபைல்சிஸ்டத்தில் தங்கள் சொந்த இடத்தில் இறங்கியாக வேண்டும். இங்கே ஒரு ஃப்ளஷ் விட்டுப்போனால் ஜர்னலிலும் இல்லை, இடத்திலும் இல்லை. பிளாக் கெட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் ஜர்னல் செக்சம்மும் காப்பாற்றாது. கோப்பை டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பிலும் இப்படி ஒரு மூலை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பிளாக்கின் மேல் டேட்டாவை எழுதினால் சில சமயம் கமிட் செய்ய ஜர்னலில் எதுவுமே இருக்காது. கமிட் இல்லையென்றால் அதோடு போகும் ஃப்ளஷும் இல்லை. ஆகவே எஃப்சிங்க் தானாகத் தனி ஃப்ளஷ் அனுப்பியாக வேண்டும். ஜர்னல் வேறு டிஸ்க்கில் இருந்தால் இந்தக் கணக்குகள் இன்னும் கூடும்.

பிழையைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது, கெர்னல் அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் அந்த டிஸ்க்கின் ரைட் கேஷ் கோப்பை. அதில் 'ரைட் த்ரூ' (நிலையற்ற கேஷ் இல்லை) என்று இருந்தால் ஃப்ளஷ் தேவையில்லை என்று, டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் கெர்னலின் பிளாக் லேயரே அதை விழுங்கிவிடும். அந்தக் கோப்பில் எழுதினால் கெர்னலின் எண்ணம் மட்டும்தான் மாறும், டிஸ்க் மாறாது. வேகம் கிடைக்கிறதே என்று யாராவது அதில் 'ரைட் த்ரூ' எழுதிவைத்திருந்தால், கேஷ் இருக்கிறது, ஃப்ளஷ் மட்டும் நின்றுபோயிருக்கும். விர்ச்சுவல் மெஷின் என்றால் கேஷ் அமைப்பு 'அன்சேஃப்' என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். அதில் ஃப்ளஷ் எதுவும் கீழே போகாது. பழைய கெர்னல்களில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் பேரியரைக் கீழே கடத்தாது. எக்ஸ்ட்3-இன் ஜர்னல் பகுதியான ஜேபிடி, பேரியரை அணைக்கிறேன் என்று லாகில் ஒரே ஒரு வரி போட்டுவிட்டு வேலையைத் தொடரும். அதை யார் படித்தார்கள்!

அப்புறம், டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகளைப் பதிவு செய்து காட்டும் பிளாக்ட்ரேஸ். கமிட் நேரத்தில் ரைட்டைக் குறிக்கும் டபிள்யூவுக்கு முன்னும் பின்னும் எஃப் எழுத்து வருகிறதா என்று பார்க்கலாம்: முன்னால் உள்ளது ப்ரீஃப்ளஷ், பின்னால் உள்ளது எஃப்யூஏ. ஆனால் கொடி இருப்பதால் வரிசை சரி என்றாகிவிடாது. முந்தைய எழுத்துகள் முடிவதற்குள்ளேயே கமிட் கிளம்பியிருந்தால் ப்ரீஃப்ளஷ் அவற்றுக்குப் பொறுப்பல்ல. முடிந்ததை மட்டும்தான் அது இறக்கும். 2011-இல் வந்த 2.6.37 கெர்னலிலிருந்து காத்திருப்பது ஃபைல்சிஸ்டத்தின் வேலை. பழைய பேரியர் போல பிளாக் லேயரின் க்யூ அதைப் பார்த்துக்கொள்ளாது.

நிஜமான சோதனைக்கு டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற கெர்னல் வசதி போன்றது வேறில்லை. எல்லா எழுத்தையும் ஃப்ளஷ் வரிசையோடு இன்னொரு டிஸ்க்கில் பதிவு செய்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு ஃப்ளஷ் வரையும் மறுபடி ஓட்டி, மவுன்ட் செய்து, ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே போட்டுப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கும் அதிர்ஷ்ட விளையாட்டு வேண்டாம்.

பேரியரை அணைக்கும் 'நோபேரியர்' மவுன்ட் ஆப்ஷனைப் போட்டால் வேகம் வரும் என்று இன்னமும் சில டியூனிங் குறிப்புகள் சொல்கின்றன. கரண்ட் போனாலும் கேஷைக் காக்கும் கெபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி, தன்னிடம் நிலையற்ற கேஷ் இல்லை என்று சொல்லிவிட்டால் ஃப்ளஷ் எப்படியும் கீழே போகாது. அங்கே அந்த ஆப்ஷனால் ஒரு லாபமும் இல்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் 4.19 கெர்னலிலேயே அதைத் தூக்கிவிட்டது.