திருநாளை விடுமுறை ஆக்காதீர்கள்

போன டிசம்பரில் ஓர் இணையக் கடையின் செயலியைத் திறந்தேன். பனி படிந்த ஊசியிலை மரம், அதன் அடியில் சிவப்பு நாடா கட்டிய பெட்டிகள், நடுவில் பெரிய எழுத்தில் “இனிய விடுமுறைகள்!” பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் அதை எட்டிப் படித்துவிட்டு, “அரையாண்டு லீவுக்கா சித்தி வாழ்த்து சொல்றாங்க?” என்று கேட்டான். எட்டாம் வகுப்புப் பிள்ளை. டிசம்பர் கடைசியில் அவனுக்கு விடுமுறை என்றால் தேர்வு முடிந்து பள்ளி மூடுவதுதான். அவன் சரியாகத்தான் படித்தான், எழுதியவர்தான் ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்ற அமெரிக்கத் திருநாள் வாழ்த்தை ‘விடுமுறை’ ஆக்கித் தவறாக எழுதியிருக்கிறார்.

இந்தத் தவறு ஒரு செயலியோடு நிற்கவில்லை. படங்களின் தமிழ் வசன வரிகளில் வருகிறது, வெளிநாட்டுச் செய்திகளில் வருகிறது. “விடுமுறை விளம்பரங்களில் கிறிஸ்துமஸைக் குறிப்பிடலாமா என அமெரிக்காவில் சர்ச்சை” என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் தமிழ் வாசகருக்கு என்ன புரியும்? விடுமுறைக்கு எதற்கு விளம்பரம், அதில் சர்ச்சைக்கு என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

சொல்லின் பிறப்பு எளிது. ‘ஹாலிடே’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹாலிக் தேக்’ என்பதுபோல் ஒலித்த சொல். ஹாலிக் என்றால் புனிதமான, தேக் என்றால் நாள். புனித நாளில் வேலை செய்யக் கூடாது என்பதால், வேலை இல்லாத நாள் என்ற பொருளும் பின்னால் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் இந்த இரண்டாம் பொருள் மேலோங்கி, பள்ளி லீவு, ஊர் சுற்றப் போவது எல்லாமே ‘ஹாலிடே’ ஆயின. நாம் ஆங்கிலம் கற்றது அவர்களிடம். அதனால் நம் அகராதியில் ‘ஹாலிடே’க்கு நேராக ‘விடுமுறை’ உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கர்களோ லீவுக்கு ‘வெகேஷன்’ என்கிறார்கள். டிசம்பரில் அவர்கள் பன்மையில் ‘ஹாலிடேஸ்’ என்றால் அது திருவிழாக்களையும் அவற்றை ஒட்டிய காலத்தையும் குறிக்கும். அமெரிக்கர் எழுதியதை பிரிட்டிஷ் அகராதியை வைத்துப் பெயர்த்ததால் வந்த வினை இது.

அங்கே நடக்கும் சண்டை என்ன? கடைகள் ‘மெரி கிறிஸ்துமஸ்’ என்று சொல்லாமல் ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்று சொல்வது கிறிஸ்துவை ஒதுக்குவதாகும் என்று ஒரு சாரார் கொதிக்கிறார்கள். 2005-இல் இது பெரிதாக வெடித்தது. வால்மார்ட், டார்கெட் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிக் கிறிஸ்தவ அமைப்புகள் கிளம்பின. மறு ஆண்டே வால்மார்ட் கிறிஸ்துமஸ் என்ற சொல்லை விளம்பரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நிறுத்தும் மரத்தை 1990-களில் ‘ஹாலிடே ட்ரீ’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். 2005-இல் கீழவைத் தலைவர் டென்னிஸ் ஹாஸ்டர்ட் அதை மீண்டும் கிறிஸ்துமஸ் மரம் ஆக்கினார். 2015-இல் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகள் டிசம்பர் காலத்துக்கு வெறும் சிவப்பு நிறத்தில் கோப்பை விட்டதற்குக்கூட, கிறிஸ்துமஸ் கால படம் எதுவும் இல்லையே என்று சண்டை வந்தது.

மறுபக்கம் யூதர்களின் எட்டு நாள் விழாவான ஹனுக்கா இருக்கிறது. 1966-இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கென்று தொடங்கிய குவான்சா விழா டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை நடக்கிறது. நவம்பரின் நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாள். எல்லாரையும் சேர்த்துச் சொல்லத்தான் கடைக்காரர் பொதுச்சொல்லை எடுக்கிறார்.

இனி ‘விடுமுறை’யை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்நாட்டுச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் கணக்கில் ‘ஹாலிடே’ விற்பனைக் காலம் நவம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை, மொத்தம் 61 நாள். அதில் கூட்டரசு விடுமுறை மூன்றே: நவம்பர் 11 முன்னாள் படைவீரர் நாள், நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ். ஹனுக்காவுக்கு அரசு விடுமுறை கிடையாது, குவான்சாவுக்கும் கிடையாது. யாரைச் சேர்த்துக்கொள்ள அந்தச் சொல்லை எடுத்தார்களோ அவர்களையே ‘விடுமுறை’ வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம், கல்லாவில் நின்று ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ சொல்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆண்டிலேயே அவளுக்கு லீவு கிடைக்காத மாதம் அது. அவள் வாயில் “இனிய விடுமுறை” என்று வைப்பது எவ்வளவு பொருந்தாத வேலை!

மொழிபெயர்ப்பாளர் நண்பர் ஒருவர் இதற்கு விடாமல் பதில் சொல்கிறார். கடைகள் மதத்தை விலக்கத்தானே அந்தச் சொல்லை எடுத்தன, அதனால் மத வாடை இல்லாத ‘விடுமுறை’தான் பொருத்தம் என்கிறார். நான் ஒப்ப மாட்டேன். கடைக்காரர் ஒரு விழாவின் பெயரைத்தான் விட்டாரே தவிர விழாவை விடவில்லை. மரமும் மணியும் பரிசும் அப்படியேதான் இருக்கின்றன. மத வாடையே கூடாது என்றால் புனிதத்தை உள்ளே வைத்திருக்கும் ‘ஹாலிடே’யை ஏன் எடுக்கிறார்? அந்த உண்மையைத் தமிழில் காட்ட ஒரு சொல் கைவசம் இருக்கும்போது ஏன் மறைக்க வேண்டும்?

அந்தச் சொல் திருநாள். திரு, நாள். ‘ஹாலிடே’யின் இரண்டு பாதிகளும் வரிசைகூட மாறாமல் இருக்கின்றன. புதிதாக ஆக்கவே வேண்டாம். நம் மொழியில் ‘திரு’வுக்கு இன்னொரு சிறப்பு உண்டு, அது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. கோயிலில் திருவிழா, மாதா கோவிலில் திருப்பலி, பள்ளிவாசலில் திருக்குர்ஆன். ரம்ஜான் நம் வாழ்த்துகளில் ஈகைத் திருநாள், பக்ரீத் தியாகத் திருநாள், பொங்கல் தமிழர் திருநாள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்று அமெரிக்கக் கடைக்காரர் தேடியது நம் வீட்டில் எப்போதோ இருக்கிறது. அதை விட்டுவிட்டு லீவு விண்ணப்பத்தில் எழுதும் சொல்லை எடுத்து வாழ்த்து அட்டையில் போடுகிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

‘பண்டிகைக் காலம்’ என்று எழுதுவோரிடம் எனக்குச் சண்டை இல்லை. நம் கடைகளில் பண்டிகைக் காலத் தள்ளுபடி என்பது பழகிய தொடர், வாசகருக்கு உடனே புரியும். ஆனால் மேலே சொன்ன சர்ச்சையை விளக்கும் இடத்தில் புனிதம் என்ற பொருள் தெரிய வேண்டும். அங்கே திருநாள்தான் எழுத வேண்டும். ‘ஓய்வுநாள்’ என்று ஒருவர் எழுதியதையும் பார்த்தேன். தமிழ் விவிலியத்தில் அது யூதர்களின் வாரந்திர சபத் நாளுக்குரிய சொல். ஹனுக்கா பற்றிய கட்டுரையில் அதை நுழைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

கிறிஸ்துமஸ் என்ற பெயரிலேயே கிறிஸ்துவும் ‘மாஸ்’ எனும் திருப்பலியும் இருக்கின்றன. அதைக் கிறிஸ்துமஸ் என்றோ கிறிஸ்து பிறப்பு விழா என்றோ எழுதலாம். ஈழத்தார் போர்த்துகீசியர் வழியாக வந்த ‘நத்தார்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள், அழகான சொல்.

கடைக்காரர் கிறிஸ்துமஸைச் சொல்லலாமா என்று கேட்டால், கிறிஸ்துமஸ் மரம் விற்பவர் கிறிஸ்துமஸ் என்றே சொல்லட்டும் என்பேன். ஒரு பொருளை விற்றுக்கொண்டு அதன் பெயரை மறைப்பது நேர்மை இல்லை. முழுப் பருவத்துக்கும் பொதுவாக வாழ்த்துபவர் திருநாள் வாழ்த்துகள் என்று சொல்லட்டும், அதில் யாருக்கும் குறைவில்லை.

மொழிபெயர்ப்பவருக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள். மூலத்தில் ‘ஹாலிடே ட்ரீ’ என்று இருந்தால் ‘விடுமுறை மரம்’ என்று எழுதாதீர்கள். வாசகருக்கு எளிது என்று கிறிஸ்துமஸ் மரம் ஆக்கியும் விடாதீர்கள், அந்தப் பெயர் மாற்றத்தில்தானே சண்டையே இருக்கிறது. ‘திருநாள் மரம்’ என்று எழுதி, கிறிஸ்துமஸ் என்ற சொல்லைத் தவிர்க்க இப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.