பின்சக்கரம் போகும் வழி

மதுரைச் சித்திரைத் தேரோட்டத்தில் தேருக்குச் சிரமமான இடம் மாசி வீதிகளின் மூலைகள்தான். நேர் வீதியில் வடத்தை இழுத்தால் தேர் நகர்ந்துவிடும். மூலைக்கு வந்ததும் கட்டை போடுகிறவர்களின் வேலை தொடங்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து மட்டுப்படுத்தி, மறுபக்கத்தை முன்னே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். தேரின் அச்சுகள் அசையாதவை என்பதே காரணம். முன்சக்கரமும் பின்சக்கரமும் எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். அப்படிப்பட்ட வண்டி உருண்டு திரும்ப முடியாது. தேய்த்து, சறுக்கவைத்துத்தான் திருப்ப வேண்டும்.

காரில் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. பின்சக்கரங்களோ தேர்ச்சக்கரம் போலவே ஒரே திசையில் பூட்டப்பட்டவை. (சில விலை உயர்ந்த கார்களில் பின்சக்கரமும் சற்றுத் திரும்பும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.) சின்ன ஆல்ட்டோவிலிருந்து பெரிய இன்னோவாவுக்கு மாறியவர் படும் பாடெல்லாம் இந்தப் பின்சக்கரத்தால்தான் என்பது என் கட்சி. பலரும் பயப்படுவது அகலத்துக்கு. ஆல்ட்டோ 800 ஏறத்தாழ 1.5 மீட்டர் அகலம், இன்னோவா கிரிஸ்டா 1.83 மீட்டர். ஒரு பக்கத்துக்கு என்று பார்த்தால் ஒரு சாணுக்கும் குறைவான வித்தியாசம். நேராகப் போகும்வரை அது சீக்கிரமே பழகிவிடும். கணக்கு மாறுவது வளைவில்.

நான்கு சக்கர வண்டி சறுக்காமல் வளைய வேண்டுமென்றால் நான்கு சக்கரங்களும் ஒரே மையப்புள்ளியைச் சுற்ற வேண்டும். சக்கரங்களின் அச்சுகளைக் கோடுகளாக நீட்டினால் எல்லாம் அந்தப் புள்ளியில் போய்ச் சந்திக்க வேண்டும். பின்சக்கரங்கள் திரும்பாதவை என்பதால் அந்தப் புள்ளி எப்போதும் பின்னச்சின் நேர்க்கோட்டில்தான் இருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க அது வண்டியை நெருங்கி வரும், நேராக்கினால் தள்ளிப் போகும். அந்தக் கோட்டை விட்டு மட்டும் விலகவே விலகாது. வண்டியின் முன்பக்கம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறவர்கள் தேட வேண்டியது உண்மையில் இந்தக் கோட்டைத்தான்.

உள்பக்க முன்சக்கரம் மையத்துக்கு அருகில் இருப்பதால் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகக் கோணத்தில் திரும்பியாக வேண்டும். இதைச் செய்துகொடுக்கும் இணைப்பை உருவாக்கியவர் மியூனிக் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். இங்கிலாந்தில் அவருடைய முகவராக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-ல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். விளைவு, இன்றுவரை அது ஆக்கர்மன் ஸ்டியரிங். உழைத்தவர் பெயர் மியூனிக்கிலேயே தங்கிவிட்டது.

இனிக் கொஞ்சம் கணக்கு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். கிரிஸ்டாவுக்கு அது 2.75 மீட்டர், திரும்பும் வட்டத்தின் ஆரம் 5.4 மீட்டர். முழுக்க ஒடித்துச் சுற்றினால் வெளிப்பக்க முன்சக்கரம் 5.4 மீட்டர் ஆரத்தில் போகும். அதே பக்கத்துப் பின்சக்கரத்தின் ஆரம் பிதாகரஸ் தேற்றப்படி 4.65 மீட்டர்தான். உள்பக்கத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். அங்கே முன்சக்கரம் சுமார் 4.15 மீட்டர் ஆரத்திலும் பின்சக்கரம் சுமார் 3.1 மீட்டர் ஆரத்திலும் போகின்றன. அதாவது முன்சக்கரம் போட்ட தடத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் உள்ளே வெட்டிக்கொண்டு பின்சக்கரம் போகிறது. 1.83 மீட்டர் அகல வண்டி அந்த நேரத்தில் மூக்கின் வெளிமூலைக்கும் பின்கதவின் உள்விளிம்புக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர் அகலத் தெருவைத் தின்கிறது. பழைய மதுரையின் பல சந்துகளில் இருப்பதே அவ்வளவுதான், அதிலும் பாதியில் பைக் நிற்கும்.

நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையில் போவது இடப்பக்கம். ஆகவே நெருக்கமான திருப்பம் எப்போதும் இடப்பக்கத் திருப்பம். உள்ளே வெட்டும் சக்கரம் இடது பின்சக்கரம். ஓட்டுநரின் கண்ணுக்கு வண்டியிலேயே மிகத் தூரத்தில், மிக மறைவில் இருப்பதும் அதே சக்கரம். மேல மாசி வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் இடப்பக்கம் நுழைகிறவர், பழக்க தோஷத்தில் மூலை கண்ணில் பட்டவுடன் ஒடித்துவிடுகிறார். மூக்கு அழகாக உள்ளே போய்விடும். இரண்டு நொடி கழித்து இடது பின்கதவு சுவரில் உரசும் சத்தம் கேட்கும். வேண்டியது நேர்மாறான பொறுமை. முடிந்தவரை வலப்பக்கம் ஒதுங்கி, மூலை உங்கள் தோளைத் தாண்டிப் பின்கதவை நெருங்கும்வரை நேராகவே போக வேண்டும். பிறகுதான் ஒடிக்க வேண்டும். சுற்றுகிற மையம் பின்னச்சுக் கோட்டில் இருப்பதால் அந்தக் கோடு மூலைக்கு வந்துசேரக் காத்திருப்பதே இதன் சூட்சுமம்.

ரிவர்ஸில் வந்து நிறுத்துவது ஏன் எளிது என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும். திரும்பாத அச்சை முதலில் கட்டத்துக்குள் அனுப்பிவிட்டால், திரும்பக்கூடிய மூக்கு வெளியே அகலமான பாதையில் இஷ்டத்துக்கு வீசிக்கொள்ளலாம். மூக்கை முதலில் நுழைத்தால் பின்சக்கரம் குறுக்கே வெட்டிக்கொண்டு பக்கத்து வண்டியின் மேல் போகும். கார் நிறுத்தும் கட்டம் பொதுவாக 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அதன் நடுவில் கிரிஸ்டாவை நிறுத்தினால் பக்கத்துக்கு 33 சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கத்து வண்டி விட்டுவைத்த இடத்தையும் சேர்த்தால்தான் கதவைத் திறந்து ஒருக்களித்து இறங்க முடியும். வடக்கு ஆவணி மூல வீதியில் உள்ளது போன்ற பல அடுக்கு நிறுத்தங்களில் தூண்கள் வேறு. அங்கே மூக்கை விட்டு நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர்கள் வெளியே வரப்போகும் நேரம்தான் நினைவுக்கு வரும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று வழி சொல்லும் வாட்ச்மேனைக் கவனித்திருக்கிறீர்களா? “அண்ணே, ஒடிச்சு வாங்க... வரலாம், வரலாம்... இப்ப நேராக்குங்க... ஹோல்டான்!” அவர் பம்பரைப் பார்ப்பது கடைசி வார்த்தைக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் பார்வை பின்சக்கரத்தில். ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து பார்க்க முடியாத அந்த ஒரு விஷயத்தைத்தான் அவர் பார்த்துச் சொல்கிறார். இடது கண்ணாடியைப் பின்சக்கரமும் தரையும் தெரியும்படி சற்றுக் கீழே சாய்த்துக்கொண்டால் அந்த வேலையில் பாதியை அது செய்யும். ஆனால் அது குவி ஆடி. அதில் எல்லாம் சின்னதாக, உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். வளைவுக் கணக்குக்கு அதை நம்பலாம், தூரக் கணக்குக்கு நம்பக் கூடாது.

இன்னொரு வம்பு வால்பக்கம். பின்னச்சுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவரை ஒட்டி நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் வலப்பக்கம் முழுக்க ஒடித்தால் அந்த வாலின் இடது மூலை சுவரை நோக்கிச் சுமார் 10 சென்டிமீட்டர் வீசும். முழுக்க ஒடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து எடுத்தால் வால் வீசுவது வெகுவாகக் குறையும்.

உயரமான வண்டியில் உட்கார்ந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்பது பாதி உண்மை. தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். கிட்டே இருப்பது தெரியாது. கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பானெட்டின் முன்விளிம்பு 1 மீட்டர் உயரத்தில் கண்ணிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து விளிம்பைத் தொட்டுப் போகும் கோடு தரையைத் தொடுவது 6 மீட்டர் தூரத்தில். ஆக, வண்டிக்கு முன்னால் 4 மீட்டர் தரை உங்களுக்கு இல்லவே இல்லை. படுத்திருக்கும் நாய், பெயர்ந்து கிடக்கும் கல், மூடியில்லாத சாக்கடை எல்லாம் அந்த 4 மீட்டருக்குள் ஒளிந்துகொள்ளும்.

இதற்குத்தான் சென்சார் இருக்கிறதே என்பீர்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். நம் காதுக்கு எட்டாத, சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அது அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கும். ஒரு மீட்டர் தூரத்துச் சுவரிலிருந்து எதிரொலி திரும்ப ஏறக்குறைய 6 மில்லிநொடி. சுவர், கார் போன்றவற்றை நன்றாகப் பிடிக்கும். மெல்லிய கம்பி, சாய்வான பரப்பு என்றால் சந்தேகம்தான். பள்ளத்தைக் கண்டுகொள்ளவே கொள்ளாது, ஏனென்றால் பள்ளம் எதிரொலி தராது. பீப் சத்தம் இல்லாததை நம்பிச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கினால் அது சென்சாரின் குற்றமில்லை. ரிவர்ஸ் கேமராத் திரையில் ஸ்டியரிங்கோடு வளையும் கோடுகள் இன்னும் கெட்டிக்காரத்தனம். வீல்பேஸையும் ஸ்டியரிங் கோணத்தையும் வைத்து, மேலே போட்ட அதே கணக்கைத்தான் அந்தக் கணினி போட்டுக் காட்டுகிறது.

இவ்வளவு கணக்கையும் தெருவில் யாரும் போடுவதில்லை. மூளை அதை வேறு விதத்தில் வாங்கிக்கொள்கிறது. நம் உடம்பு எங்கே முடிகிறது என்பதற்கு மூளையில் ஒரு வரைபடம் உண்டு. 1911-ல் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர்கள், தொப்பியில் இறகு வைத்த பெண்ணுக்கு அந்த வரைபடம் இறகின் நுனிவரை நீள்கிறது என்று எழுதினார்கள். 1996-ல் ஜப்பானில் அட்சுஷி இரிக்கியின் குழு, குப்பை வாரும் ரேக் போன்ற சின்னக் கோலால் உணவை இழுக்கப் பழகிய குரங்குகளின் மூளையைப் பதிவு செய்தது. கைக்கு அருகில் வருவதை மட்டும் கவனித்துவந்த நரம்பணுக்கள், பழகிய பின் கோலின் முழு நீளத்தையும் கவனிக்கத் தொடங்கியிருந்தன. கோலைச் சும்மா பிடித்திருந்தால் இப்படி நேரவில்லை, வேலை செய்தபோதுதான் நேர்ந்தது. பெரிய வண்டியில் வரும் தைரியமும் இப்படிப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘பயப்படாதே’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வதால் அது வருவதில்லை.

ஆகவே ஒரு காலித் திடல் வேண்டும், ஆட்கள் இல்லாத நேரம் வேண்டும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான குச்சிகளை மண் நிரப்பிய டப்பாக்களில் நட்டு மூலை அமைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டில் வைத்தால் அந்த 4 மீட்டருக்குள் மறைந்துவிடும். ஆக்சிலேட்டர் வேண்டாம், கிளட்ச்சிலேயே நகர்த்தினால் போதும். மணிக்கு 5 கிலோமீட்டரில்கூட வண்டி நொடிக்கு 1.4 மீட்டர் போய்விடும், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் குச்சி விழுந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிமெண்ட் தரையில் நான்கு சக்கரங்களையும் நன்றாக நனைத்துவிட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகக் கால்வட்டம் போங்கள். தரையில் நான்கு தனித்தனி ஈரத்தடங்கள் கிடக்கும். உள்ளே ஓடும் இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் உங்கள் வண்டியின் பின்சக்கரம் எவ்வளவு வெட்டுகிறது என்று தெரிந்துவிடும். டேப்பைக் கையிலேயே வைத்திருங்கள். மதுரை வெயிலில் தடம் காய ரொம்ப நேரம் ஆகாது.