நானோ என்பது அளவு, தரச்சான்று அல்ல

பல்கலைக்கழக ஆய்வகத்தில் நானோ பொருள்களோடு புழங்குகிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்பது இதைத்தான்: "நானோ நல்லதா, கெட்டதா?" சென்டிமீட்டர் நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. நானோமீட்டரும் நீளத்தின் அளவுதான். ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்.

சிறுத்தால் என்ன மாறுகிறது? பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், எடை துளியும் கூடாமல் புறப்பரப்பு 6,000 சதுர மீட்டராகிவிடும். கால்பந்து மைதானத்தை நெருங்கும் பரப்பு அது. திடப்பொருளில் வேதிவினை நடப்பது மேற்பரப்பில்தான். கட்டியாகக் கிடக்கும்போது எளிதில் எதனோடும் சேராத தங்கம், சில நானோமீட்டர் துகளானதும் வினையூக்கியாகிறது. நிறமும் மாறுகிறது: நீரில் மிதக்கும் தங்கத் துகள்கள் செந்நிறம் காட்டும். மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இதை எழுதிவிட்டார். இயற்பியலார் நிறத்துக்காகவும், வேதியியலார் வினைக்காகவும், மருத்துவ ஆய்வாளர் மருந்தை ஏற்றிச் செல்வதற்காகவும் ஒரே ஆய்வகத்தின் கதவைத் தட்டுவது இதனால்தான். (எலக்ட்ரான் நுண்ணோக்கியை யார் முதலில் பயன்படுத்துவது என்ற சண்டையும் இதனால்தான்.)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், உலர்ந்த கார்பன் நானோகுழாய்ப் பொடியைத் திறந்த மேசையில் எடைபோட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் வெறும் துணிக்கவசம். தராசின் எண்கள் ஆடக் கூடாது என்று மின்விசிறியை மட்டும் நிறுத்தியிருந்தார். தராசின் மேல் இருந்த அக்கறை நுரையீரல் மேல் இல்லை. கேட்டபோது, "சில மில்லிகிராம்தானே சார்" என்றார்.

நீண்டு விறைத்த நானோகுழாய்கள், சுண்டெலிகளின் வயிற்றறையில், நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகளைப் போன்ற பாதிப்பை உண்டாக்கியதை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குட்டையாகவும் சுருண்டு சிக்கியும் கிடந்த குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டும் கார்பன்தான், இரண்டும் நானோதான், வடிவம் வேறு. அந்த மாணவரைக் கண்ட நாள் முதல் எங்கள் ஆய்வகத்தில் உலர்பொடியைக் காற்று உறிஞ்சும் அடைப்புப் பெட்டிக்கு வெளியே திறக்க யாருக்கும் அனுமதி இல்லை. முடிந்தவரை திரவத்தில் கலந்ததையே வாங்குகிறோம். அதே குழாய்களைப் பிசினில் கலந்து இறுகவைத்த பலகையை நான் வெறுங்கையால் எடுக்கிறேன். அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டுமென்றால் மட்டும், தகுந்த சுவாசக் கவசம் இல்லாமல் தொடமாட்டேன்.

பெயர்ச்சீட்டை நம்பியும் பயனில்லை. 2006-இல் ஜெர்மனியில், பெயரிலேயே நானோ என்றிருந்த ஒரு தெளிப்பானைப் பயன்படுத்திய சுமார் நூறு பேருக்கு மூச்சுத் தொல்லை ஏற்பட்டது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. பொருள் திரும்பப் பெறப்பட்டது. பிறகு சோதித்தபோது அதில் நானோ துகளே இல்லை.

எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெண்ணிறமூட்டியான டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை விதித்தது. வெயில் தடுப்புக் களிம்பில் அது தொடர்கிறது. காயமில்லாத தோலில் பூசினால் பெரும்பாலும் மேலடுக்கிலேயே தங்கிவிடும். அதையே தெளிப்பானாக அடித்து முகர்வதை நான் விரும்புவதில்லை. வெள்ளியின் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் கூழ்ம வெள்ளியைக் குடிப்பதைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இல்லை, வேண்டாம். நாள்பட உட்கொண்டால் தோல் நீலச்சாம்பலாக மாறலாம். அந்த நிறம் பொதுவாகப் போகாது.

அண்மையில் ஒருவர் 'நானோ வெள்ளி நீர்' என்று எழுதிய புட்டியோடு வந்தார். துகளின் அளவு, செறிவு, மேற்பூச்சு எதுவும் அதில் குறிப்பிடப்படவில்லை. நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். "துகள் இருக்கிறதா, எவ்வளவு பெரிது என்று சொல்லலாம். குடிக்கலாம் என்று எழுதித் தரமாட்டேன்" என்றேன். புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.