டிராமை ‘தெருக்கார்’ ஆக்கியது யார்?

‘மீட்டெடுக்கப்பட்ட பழங்காலத் தெருக்கார்கள்.’ ஆங்கிலத்தின் ‘ரெஸ்டோர்டு விண்டேஜ் ஸ்ட்ரீட்கார்ஸ்’ என்பதற்குத் தமிழாக, பயணக் கட்டுரைகளிலும் படங்களின் வசன வரிகளிலும் இந்தத் தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் தெருக்காரர் என்றால் ஒரே தெருவில் குடியிருப்பவர். ஆகவே முதல் பார்வைக்கு இது ஏதோ வெள்ளத்தில் சிக்கிய முதியவர்களைக் காப்பாற்றிய செய்தி போலவே தெரியும். சொல்ல வந்தது என்னவோ டிராம் வண்டியைத்தான்: சாலையில் பதித்த தண்டவாளத்தில், மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் ஊர் வண்டி. அதிலும் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்து, பழுது நீக்கி, இன்றும் டிக்கெட் வாங்கி ஏறும்படி ஓட்டுகிற வண்டி.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘டிராம்’ என்பதன் வேர், மர உத்தரம், வண்டியின் ஏர்க்கால் போன்ற பொருள் தரும் பழைய வட ஐரோப்பியச் சொல். பிறகு சுரங்கங்களில் தள்ளிப்போன நிலக்கரி வண்டிக்கும் அதன் பாதைக்கும் அது பெயரானது. ஔட்ராம் என்ற பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது என்பது கட்டுக்கதை. அமெரிக்கர்கள் இதையே ஸ்ட்ரீட்கார் என்றும், மேல்கம்பியைத் தொட்டு ஓடும் சிறு உருளையை வைத்து டிராலி என்றும் அழைத்தார்கள். அங்கே ‘கார்’ என்றால் பயணிகள் பெட்டி. நம் வீட்டு வாசலில் நிற்கும் கார் அல்ல.

இது தெரியாமல்தான் ஒருவர் தெருக்கார் என்கிறார், இன்னொருவர் டிராலியைத் ‘தள்ளுவண்டி’ என்கிறார். சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் தள்ளுவண்டிகள் ஓடுகின்றன என்று படித்தால், வேலூர்க்காரன் அங்கே சுண்டல் கிடைக்குமா என்றுதான் கேட்பான்.

இவை அறியாமையால் வந்தவை, போகட்டும். எனக்குப் பெரிய வழக்கு, டிராமுக்கென்று ஆக்கிய ‘அமிழ் தண்டூர்தி’ என்ற தமிழ்ச் சொல்லோடுதான். இதை ஆக்கியவர் யோசித்தே ஆக்கியிருக்கிறார்: தண்டவாளம் சாலைக்குள் அமிழ்ந்து மட்டமாக இருக்கிறது, அதனால் அமிழ் தண்டு, அதில் ஓடுவது ஊர்தி. இலக்கணம் சரி. தண்டு என்பது தற்செயலாக மூலச் சொல்லின் உத்தரத்துக்கும் அருகில் வருகிறது. ஆனால் சேர்த்து எழுதினால் கண் ‘அமிழ்தம்’ என்று படிக்கிறது. பிரித்து எழுதினால் ஏதோ மூழ்குகிற வண்டி என்று மனம் நினைக்கிறது. அப்புறம், எல்லா டிராம் பாதையும் சாலையில் அமிழ்ந்ததும் இல்லை. நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் சார்லஸ் தடத்தில் பெரும்பகுதி சாலை நடுவிலுள்ள புல்தரையில் போகிறது. அங்கே எதைப் போய் அமிழ்த்துவது?

பேருந்து நிலைத்ததே என்பார்கள். நிலைத்தது, பேருந்து நிலையம் என்று ஊருக்கு ஊர் பலகை இருக்கிறது. (அந்தப் பலகைக்குக் கீழே நின்றே ‘புது பஸ் ஸ்டாண்டு’ என்கிறோம், அது வேறு.) டிராமுக்குத் தமிழ்நாட்டில் இன்று ஒரு பலகையும் இல்லை. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியபோது மக்கள் சொன்ன பெயர் டிராம், டிராம் வண்டி. ஓடிய காலத்திலேயே இருந்த பெயரை விட்டுவிட்டு, ஓடாத காலத்தில் இன்னொன்றை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளுக்காக எங்கள் காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1873-இல் குதிரை இழுத்த நாளிலிருந்து டிராமோடு வாழ்ந்த கொல்கத்தாக்காரர்களே அதை ட்ராம் என்றுதான் சொல்கிறார்கள். டகரம் மொழிமுதல் வராது என்பவர்கள் திராம் என்று எழுதட்டும், எனக்குச் சண்டை இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

அடுத்தது ‘மீட்டெடுக்கப்பட்ட’. மீட்பு என்றால் போனது திரும்பி வர வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் வழிபாடு இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து சேர்ந்ததே, அது மீட்பு. செயின்ட் சார்லஸ் தடத்தின் பச்சை வண்டிகளோ 1920களில் செய்தவை, அன்றிலிருந்து அதே வேலையைப் பார்க்கின்றன. லிஸ்பனின் 28ஆம் தடத்தில் ஓடுபவை 1930களின் வண்டிகள். 1990களில் மோட்டாரையும் பிரேக்கையும் மாற்றிவிட்டு, பழைய உடலையே வைத்துக்கொண்டார்கள். இதற்குச் ‘செப்பனிட்ட’ என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஏரிக்கரைக்கும் சொல்கிறோம், சாலைக்கும் சொல்கிறோம், வண்டிக்கு மட்டும் என்ன குறை?

‘பழங்கால’ என்பதும் அதிகம். அது கீழடிப் பானைக்குரிய அடைமொழி. 1928-இல் மிலான் நகருக்காக வடிவமைத்த வண்டிகள் இன்னும் மிலானிலும் ஓடுகின்றன, சில சான் பிரான்சிஸ்கோவிலும் ஓடுகின்றன. அவை ‘பழைய’ வண்டிகள். அவ்வளவுதான். ‘பாரம்பரிய டிராம்’ என்றாலோ வண்டி அருங்காட்சியகத்துக்குப் போய்விடுகிறது. இவற்றின் மேல் ஜனங்களுக்கு ஆசை விடாமல் இருப்பதற்குக் காரணமே அவை அங்கே போகாததுதான். மர இருக்கை, மணியோசை, திறக்கிற ஜன்னல் எல்லாம் இருந்தும், சான் பிரான்சிஸ்கோவில் பஸ்ஸுக்குக் கொடுக்கும் அதே கட்டணத்தில் வேலைக்குப் போகிறவர் ஏறுகிறார்.

இன்னொரு பிரிவையும் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதில்லை. நியூ ஆர்லியன்ஸின் கனால் தெருவில் ஓடும் சிவப்பு வண்டிகள் பார்க்கப் பழசு போலிருக்கும். உண்மையில் அவை அந்தத் தடம் 2004-இல் மீண்டும் திறந்ததை ஒட்டிப் புதிதாகச் செய்தவை. அவை ‘பழைய பாணி டிராம்’. பச்சை வண்டிதான் ‘செப்பனிட்ட பழைய டிராம்’. இரண்டையும் ஒரே ‘விண்டேஜ்’ மூட்டையில் கட்டிவிட்டு, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.