கணினி வாங்க முதல் எர்த்தைப் பாருங்கள்

"எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கம்பியூட்டர் ரூம் ஒண்டு போட்டுக் குடுக்கப்போறம். இந்தக் காசுக்கு எத்தினை வாங்கலாம்?" என்று வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கேட்பார்கள். "அங்க எர்த் ஒழுங்கா இருக்கோ?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்புத்தான் எர்த். பலருக்கு அது சின்ன விசயமாகத் தெரிகிறது.

வன்னியில் ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணிப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் கணினி அறை பெரும்பாலும் முன்பு வகுப்பறையாக இருந்த கட்டடம்தான். நாலு லைற்றுக்கும் இரண்டு ஃபானுக்கும் போட்ட வயரிங்கில் எக்ஸ்டென்ஷன் இழுத்துப் பத்துக் கணினிகளைக் கொளுவி விடுகிறார்கள். பிளக் பொயின்றைக் கழற்றிப் பார்த்தால், சில இடங்களில் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இராது.

"பெட்டியில கை பட்டா சுர் எண்டுது சேர்" என்று பிள்ளைகள் சொல்வதை அலட்சியம் செய்யக்கூடாது. கணினியின் பவர் சப்ளைக்குள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்) பெட்டியின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றினூடாகக் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்குக் கசியும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ற்றில் ஏறக்குறையப் பாதி பெட்டியிலேயே நிற்கும். ஒரு கணினியின் கசிவு மிகச் சிறிது. ஆனால் எர்த் இல்லாத ஒரே எக்ஸ்டென்ஷனில் பத்துக் கணினிகள் இருந்தால் எல்லாக் கசிவும் ஒன்று சேரும். உள்ளே லைன் வயர் கழன்று பெட்டியில் முட்டினால் நிலைமை இன்னும் மோசம். கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிச் இருந்தாலும், எர்த் இல்லாவிட்டால் ஒரு பிள்ளை தொட்ட பிறகுதான் அது விழும். புழுதி வரும் என்று சப்பாத்தை வெளியே கழற்றச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் இருத்தித்தான் நாங்கள் படிப்பிக்கிறோம்.

நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியின் மின்தடையை மாரி முடிந்த கையோடு அளந்துவிட்டு "சரி" என்று எழுதுவதில் பயனில்லை. காய்ந்த மண்ணுக்குள் மின்சாரம் லேசில் இறங்காது. அதனால் ஆவணியில், நிலம் காய்ந்து வெடித்திருக்கும்போது அளக்க வேண்டும். பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் ஓடுகிற பக்கமாகக் கம்பியை இறக்கினால் மண் ஈரமாக இருக்கும். இதை அனுமதிப்பத்திரம் உள்ள மின்னியலாளரைக் கொண்டு செய்விப்பதே நல்லது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கினால் பிளக்கோடு ரவுட்டர் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாலும் வரும்.

பழைய கணினி வாங்க இப்போது நல்ல காலம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏறாத இயந்திரங்களை அலுவலகங்கள் கழிக்கின்றன. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, 8 ஜிபி ரேம் வைத்து, இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்றினால் பாடசாலை வேலைக்குத் தாராளம். கடிதம், கணக்கு வேலைக்கான லிப்ரே ஒஃபிஸ், நிரல் எழுதப் பழகுவதற்கான பைதன், ஃபிரீ பஸ்கால் மூன்றும் இலவசம். கிவிக்ஸ் என்ற செயலியும் அதற்கான கோப்பும் இருந்தால் இன்டர்நெட் இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியாவை வாசிக்கலாம். பற்றரி நல்ல நிலையில் உள்ள பழைய மடிகணினி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். கரண்ட் நின்றால் தாங்கும் யூபிஎஸ்ஸுக்கான செலவு மிச்சம், கரண்டும் குறைவு. தடித்த பழைய மொனிற்றர்களை யாராவது சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.

சேர்த்த காசு முழுவதையும் திறப்பு விழா நாளோடு முடித்துவிட வேண்டாம். யூபிஎஸ் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும், மவுஸ் அதற்கும் முதல். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள்.

அறைத் திறப்பு (சாவி) அதிபரின் அலுமாரிக்குள் மட்டும் இருந்தால், அவர் கல்வி வலயக் கூட்டத்துக்குப் போகிற நாளெல்லாம் அறை பூட்டுத்தான். இன்னொரு திறப்பைப் பாட ஆசிரியரிடம் கொடுத்து, ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளை உள்ளே விடச் சொல்லுங்கள்.