வசந்தத்தில் 200 கிராம் தொங்குமா? ஸ்பிரிங்குக்குத் தமிழ்ச் சொல்

அக்கா மகள் வீட்டுப்பாடத் தாளோடு வந்து நின்றாள். "மாமா, வசந்தத்தை எதுல கட்டித் தொங்கவிடணும்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 'ஒரு வசந்தத்தின் இயல்பு நீளம் 10 செ.மீ. அதன் முனையில் 200 கிராம் நிறையைத் தொங்கவிட்டால் நீளம் 14 செ.மீ. ஆகிறது. வசந்த மாறிலியைக் காண்க.' ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்று சொல்லும் எண்தான், ஆங்கிலத்தில் ஸ்பிரிங் கான்ஸ்டன்ட், இப்படி ஆகியிருக்கிறது. இந்த வசந்த மாறிலியை நான் பார்ப்பது முதல் தடவை அல்ல. கணினி மொழிபெயர்த்துக் கொட்டும் பாடக்குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது. கணினிக்குத்தான் தெரியாது, எடுத்து அச்சடித்தவர் ஒருமுறை வாசித்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் ஸ்பிரிங் என்ற வினைக்குத் துள்ளு, குதித்தெழு என்று பொருள். மண்ணிலிருந்து துள்ளி வரும் ஊற்று, செடி துளிர்க்கும் பருவம், அழுத்திவிட்டால் எகிறும் கம்பி என்று மூன்றுக்கும் அவர்கள் அந்த ஒரு சொல்லையே வைத்துக்கொண்டார்கள். நமக்கு மூன்றும் மூன்று சொல். வசந்தம் வடமொழியிலிருந்து வந்து பருவத்தோடு நின்றுகொண்டது. அதை அமுக்கினாலும் இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. தூய தமிழாக்குகிறேன் என்று யாராவது 'இளவேனில் மாறிலி' என்று திருத்தாமல் இருந்தால் சரி.

வசந்தத்தை விரட்டுவது எளிது. என் உண்மையான வழக்கு 'சுருள்' என்ற சொல்லோடுதான். நல்ல ஆசிரியர்கள்கூட சுருள், சுருள் மாறிலி என்று எழுதுகிறார்கள். சுருள் என்பது வடிவத்தைச் சொல்லும் பெயர். கம்பியைச் சுற்றி வைத்தால் சுருள், அவ்வளவுதான். அது திரும்பி வருமா வராதா என்பது அந்தச் சொல்லில் இல்லை. மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி இழுத்துப் பாருங்கள், இழுத்த இடத்திலேயே நீண்டு கிடக்கும். போதாக்குறைக்கு, மின்காந்தப் பாடத்தில் கம்பிச்சுருள் என்று ஒன்று வருகிறது. அங்கே சுருளில் மின்னோட்டம், இங்கே சுருளில் விசை என்றால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்த எஃகுப் பட்டைகள் இருக்கின்றனவே, அவையும் ஸ்பிரிங்தான். அவற்றில் சுருள் எங்கே இருக்கிறது?

வில் என்று சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும். வளைத்தால் வளையும், விட்டால் பழைய நிலைக்கு வரும், வளைத்தபோது வாங்கிய ஆற்றலை விடும்போது அம்புக்குக் கொடுக்கும். ஸ்பிரிங் செய்கிற வேலை முழுவதும் அதுதான். இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. அடியில் வளைந்த பட்டைகள் வைத்து ஆட்டத்தைக் குறைத்த மாட்டு வண்டிக்கு வில்வண்டி என்று பெயர் வைத்தவர்கள் எந்தக் கலைச்சொல் குழுவையும் கேட்கவில்லை. இலங்கைப் பாடநூல்களில் வில் என்றே இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த தராசு அங்கே விற்றராசு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வரும் சுருள்வில்லோடும் எனக்குச் சண்டை இல்லை. சுற்றிய கம்பி என்றால் சுருள்வில், பொதுப்பெயர் வில். ஆனால் சுருக்க வேண்டும் என்று தோன்றினால் சுருளை வெட்டுங்கள், வில்லை வெட்டாதீர்கள்.

வில் என்றால் அம்பு நினைவுக்கு வருமே என்பார்கள். வரட்டும். அம்பு எய்கிற வில்லும் அதே வேலையைத்தானே செய்கிறது! வாய்ப்பேச்சில் ஸ்பிரிங் என்று சொல்வதிலும் எனக்கு வருத்தமில்லை. தராசே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். புரிகிற கடன்சொல்லை வைத்துக்கொள்ளலாம். புரியாத வசந்தத்தை வைத்து என்ன செய்வது?

அந்தத் தாளில் இன்னொரு கூத்தும் இருந்தது. 'வசந்தத்தின் நீட்டிப்பைக் கணக்கிடுக.' கடைசித் தேதிக்குத்தான் நீட்டிப்பு கொடுப்பார்கள். வில்லுக்கு வருவது நீட்சி. மீள் என்பதிலிருந்து மீட்சி வந்த மாதிரி நீள் என்பதிலிருந்து நீட்சி. ஒருவர் நீட்டித்துத் தருவது நீட்டிப்பு, தானே நீண்டது நீட்சி. இந்த வேறுபாடு தெரியாமல் போனால் மதிப்பெண்ணும் போகும். அவள் 2 நியூட்டனை 14 செ.மீ. கொண்டு வகுத்து வைத்திருந்தாள். 14 மொத்த நீளம். நீட்சி என்பது கூடிய நீளம் மட்டும், 14-இல் 10 போக 4 செ.மீ., அதாவது 0.04 மீட்டர். 200 கிராமின் எடை ஏறக்குறைய 2 நியூட்டன். 2-ஐ 0.04 கொண்டு வகுத்தால் வில் மாறிலி மீட்டருக்கு 50 நியூட்டன். (இதே கணக்கை இலங்கைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் 'நிறை'யில் கவனம் வேண்டும். அங்கே நிறை என்பதுதான் எடை. நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்பார்கள்.)

விசை கூடும் அதே விகிதத்தில் வில்லின் நீட்சியும் கூடும் என்பதுதான் இந்தக் கணக்குக்கு அடிப்படையான விதி. ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இதை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக வெளியிட்டார். 1678-இல்தான் விடையைச் சொன்னார். லத்தீனில் நான்கு சொல்தான்; தமிழில் 'நீட்சி எப்படியோ, விசை அப்படி.' அவராவது வேண்டுமென்றே கலைத்தார், இரண்டு ஆண்டில் விடையையும் கொடுத்துவிட்டார்.

அப்புறம் தாளைத் திருப்பினாள். ஐந்தாவது கேள்வி: 'ஒரு வசந்த இருப்பு 5 நியூட்டன் காட்டுகிறது.' இருப்பா? ஒரு நிமிடம் எனக்கே பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் பேலன்ஸ் என்றால் தராசும் உண்டு, கணக்கில் மிச்சமிருக்கும் இருப்பும் உண்டு. அவள் பென்சிலால் இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு மேலே எழுதினாள்: விற்றராசு.

"வங்கிக் கணக்குன்னு நெனச்சுட்டாங்க மாமா."